ஓர் ஏற்பி, இரண்டு வீடு: லூபஸுக்கு எந்த ஊசி?

டொரொன்டோவில் இருக்கும் என் தங்கை மகளுக்கு ஒன்பது வருடமாக லூபஸ், நோயெதிர்ப்பு நம் உடம்பையே தாக்கும் நோய். போன மாதம் ஒரு ராத்திரி வாட்ஸப்பில் அவள் குரல் வந்தது. "மாமா, டாக்டரம்மா ரெண்டு ஊசி பேரை எழுதிக் குடுத்திருக்காங்க. ரெண்டுமே எனக்குப் போடலாமாம். யோசிச்சுட்டு வாங்க, அடுத்த தடவை பேசி முடிவு பண்ணலாம்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி கேக்குது. நீங்கதானே காலேஜ்ல இதையெல்லாம் நடத்துனீங்க, சொல்லுங்க." ஒன்று பெலிமுமாப். இன்னொன்று அனிஃப்ரோலுமாப். பெயரைக் கேட்டால் ஒட்டிப் பிறந்தவை போலத்தான் இருக்கின்றன.

நான் விலங்கியல் வாத்தியார், டாக்டர் இல்லை. எந்த ஊசி என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் இரண்டும் உடம்புக்குள் எந்த இடத்தில் போய் நிற்கின்றன என்று சொல்ல முடியும். அது புரிந்துவிட்டால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும். அவளிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அவள் நிலைமை இது. தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை. கூடவே பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராம். அதை 7.5க்குக் கீழே இறக்கினால் விரல் மூட்டுகள் வீங்குகின்றன, கன்னத்தில் சிவப்புத் தடிப்பு ஏறுகிறது. சிறுநீரில் புரதம் போகவில்லை. சிறுநீரகம் இதுவரை தப்பித்திருக்கிறது.

சரி, 10 மில்லிகிராமிலேயே இருந்துவிட்டால் என்ன? அதுவும் ஒரு வழிதான், செலவில்லாத வழி. அதற்குப் பதில் அவள் இருக்கும் ஊரிலேயே 1976இல் எழுதப்பட்டுவிட்டது. டொரொன்டோவில் லூபஸ் நோயாளிகளுக்கென்றே சிகிச்சைக் கூடம் நடத்திய முர்ரே யுரோவிட்ஸும் அவர் குழுவினரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நோய் வந்த முதல் சில வருடங்களில் இறந்தவர்கள், கொதித்தெழுந்த லூபஸாலும் தொற்றுகளாலும் இறந்தார்கள். பல வருடம் கழித்து இறந்தவர்களிடம் லூபஸ் அடங்கித்தான் இருந்தது. அவர்களைக் கொண்டுபோனது மாரடைப்பு. அவர்கள் நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். நாள்பட்ட வீக்கமும் ஸ்டீராய்டும் சேர்ந்து ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. 2023இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், தினசரி ஸ்டீராய்டை 5 மில்லிகிராமுக்கோ அதற்குக் கீழோ கொண்டுவரச் சொல்கிறது. முடிந்தால் நிறுத்தியே விடச் சொல்கிறது. ஆக, சும்மா இருப்பது என்ற வழி மலிவாகத் தெரிந்தாலும் கணக்கு பின்னால் வருகிறது. அதனால்தான் இந்த இரண்டு ஊசிப் பேச்சே.

இப்போது ஏற்பிக்கு வருவோம். ஏற்பி என்பது, தனக்குரிய பொருள் வந்து தொட்டால் செல்லுக்குச் சேதி சொல்லும் புரதம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், முடிவு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

நம் நோயெதிர்ப்பில் இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று, கிருமியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), தடுப்பூசி எல்லாம் அந்த வகை. இன்னொன்று பிறக்கும்போதே வாங்கி வந்தது. கிருமிகளுக்கே உரிய சில பொது அடையாளங்களைத் தொட்டவுடன் மணி அடிக்கும் ஏற்பிகள் இந்த இரண்டாவது அடுக்கில் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஏற்பிகள் இருந்தே ஆக வேண்டும் என்று நோயெதிர்ப்பு ஆய்வாளர் சார்லஸ் ஜேன்வே 1989இல் வெறும் யோசனையாகச் சொன்னார். 1996இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல் ஹாஃப்மன் குழு, டோல் என்ற மரபணு கெட்டுப்போன பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் செத்துப்போவதைப் பார்த்தது. பழ ஈயில் முதுகு எது வயிறு எது என்று தீர்மானிக்கும் மரபணு என்று அதுவரை அறியப்பட்டது, காவல் வேலையும் பார்க்கிறது! மனிதரில் அதன் சொந்தக்காரர்கள் 10 பேர். டோல் போன்ற ஏற்பிகள், சுருக்கமாக டிஎல்ஆர். இந்த வேலைக்காக ஹாஃப்மனுக்கும், சுண்டெலியில் இந்த ஏற்பியைப் படித்த புரூஸ் பாய்ட்லருக்கும் 2011இல் நோபல் கிடைத்தது. ஜேன்வே 2003லேயே இறந்துவிட்டார்.

லூபஸில் நமக்கு வேண்டியவர் டிஎல்ஆர்-7. வைரஸின் ஆர்என்ஏவைத் தொட்டு உணர்வது அவர் வேலை. இவர் செல்லின் வெளிச்சுவரில் இல்லை. செல் விழுங்கியதை அமிலத்தில் ஊறவைத்து அரைக்கும் பையான எண்டோசோமுக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஏன் உள்ளே? ஆர்என்ஏ வைரஸிடம் மட்டும் இல்லை, நம்மிடமும் இருக்கிறது. சாகும் செல்களிலிருந்து அது ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே இருக்கும் ஆர்என்ஏவை நொதிகள் உடனே அழித்துவிடும். ஓட்டுக்குள் பத்திரமாக வரும் வைரஸின் ஆர்என்ஏதான் எண்டோசோம் வரை போய்ச் சேரும். யாருடையது என்று பார்த்துச் சொல்லும் திறமை இந்த ஏற்பிக்கு அவ்வளவாக இல்லை; உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத்தான் அது நம்மையும் அயலாரையும் பிரிக்கிறது.

லூபஸில் உடைவது இந்த ஏற்பாடுதான். தன் ஆர்என்ஏவையும் அதில் ஒட்டிய புரதத்தையும் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒருவருக்கு உண்டாகிவிட்டால், அந்த எதிர்ப்பொருள் சரக்கைப் பொதிந்து செல்லுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். நொதி தொட முடியாது. எண்டோசோமில் உட்கார்ந்திருக்கும் டிஎல்ஆர்-7, வைரஸ் வந்துவிட்டது என்று மணி அடிக்கும்.

இந்த மணி இரண்டு வீட்டில் இருக்கிறது. என் தங்கை மகளிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

முதல் வீடு, பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட ஓர் அபூர்வ வெள்ளணு. இங்கே மணி அடித்தால் வகை-1 இன்டர்ஃபெரான் கொட்டும், வேறெந்தச் செல்லும் தராத அளவுக்கு. இன்டர்ஃபெரான் என்பது தெருவெல்லாம் கேட்கும் தண்டோரா. கேட்ட செல்கள் எல்லாம் போருக்குத் தயாராகும். தோல் சிவக்கும், மூட்டு வீங்கும், காய்ச்சலும் அசதியும் வரும். வைரஸ் காய்ச்சலில் உடம்பு அடித்துப்போட்டது போல் இருப்பதில் பெரும் பங்கு இதற்குத்தான். லூபஸ்காரர்கள் வருடக்கணக்கில் சொல்லும், சொந்தக்காரர்கள் நம்பாத அந்த அசதிக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் புற்றுநோய்க்காக இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி எடுத்த ஒரு நோயாளிக்கு லூபஸே வந்துவிட்டது என்று 1990இல் எழுதினார்கள். அதைவிட நேரான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது வீடு பி செல். எதிர்ப்பொருளைச் செய்யும் பட்டறை அது. தன் ஆர்என்ஏவைப் பிடிக்கும் பி செல், தன் மேல் இருக்கும் ஏற்பியாலேயே சரக்கைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே டிஎல்ஆர்-7 அடித்தால் அந்தப் பி செல் பெருகி, இன்னும் அதிக எதிர்ப்பொருள் செய்யும். அந்த எதிர்ப்பொருள் போய் முதல் வீட்டுக்குச் சரக்கு சுமக்கும். முதல் வீட்டிலிருந்து வரும் இன்டர்ஃபெரான், பாஃப் என்ற இன்னொரு புரதத்தைக் கூட்டும். பாஃப் பி செல்லுக்குச் சோறு போடும். செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

இது யூகம் இல்லை என்பதற்கு 2022 நல்ல வருடம். 7 வயதில் லூபஸ் வந்த ஒரு ஸ்பானியச் சிறுமியின் மரபணுவை நோயெதிர்ப்பு ஆய்வாளர் கரோலா வினுவேசாவின் குழு படித்தது. டிஎல்ஆர்-7இல் 264ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் ஏற்பி தொட்டாற்சிணுங்கி ஆகிவிட்டது. மிகக் குறைந்த அளவுக்கே மணி அடித்தது. அதே மாற்றத்தைச் சுண்டெலியில் வைத்தார்கள், சுண்டெலிக்கும் லூபஸ் வந்தது. டிஎல்ஆர்-7க்கு அடுத்த கண்ணியான மைடி88 என்ற புரதத்தை எடுத்துவிட்டபோது நோய் வரவில்லை. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அந்தச் சுண்டெலிகளில் நோயை முன்னின்று நடத்தியது பி செல்லுக்குள் இருந்த டிஎல்ஆர்-7 என்பது. தண்டோராவை நிறுத்திவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால், இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கே ஏன் என்ற கேள்விக்கும் இங்கே பாதிப் பதில் இருக்கிறது. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். டிஎல்ஆர்-7இன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் செல்லில் இரண்டு எக்ஸில் ஒன்று அடக்கப்பட வேண்டும். இந்த மரபணு சில செல்களில் அந்த அடக்குதலுக்குத் தப்பிவிடுகிறது என்று 2018இல் காட்டினார்கள். இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ள ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு, மற்ற ஆண்களைவிடச் சுமார் 14 மடங்கு. ஏறக்குறைய பெண்கள் அளவுக்கு. ஹார்மோன் மட்டும்தான் காரணம் என்றால் இது நடக்காது.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்க்கலாம்.

முதலில் அவள் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரை. ஊசி வந்தால் இதை நிறுத்தலாமா என்பது அவளுடைய இரண்டாவது கேள்வியாக இருந்தது. "பழைய மாத்திரைதானே மாமா, மலேரியா மாத்திரை." ஆமாம், மலேரியா மாத்திரைதான். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கு மெபக்ரின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்த பிறகு, 1951இல் லண்டனில் ஃபிரான்சிஸ் பேஜ் அதை லூபஸுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார். அதன் தங்கையான ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிஎல்ஆர் என்ற சொல் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்பே, அதை மங்கவைக்கும் மருந்து டாக்டர்கள் கையில் இருந்தது. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இந்த மாத்திரை எண்டோசோமுக்குள் போய்த் தங்கி அங்கிருக்கும் அமிலத்தைக் குறைக்கிறது. ஆர்என்ஏ, டிஎன்ஏ துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு அவை ஏற்பியைத் தொடாமலும் பார்த்துக்கொள்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் மணியின் நாக்கில் துணி சுற்றிவிடுகிறது.

மெதுவாகத்தான் வேலை செய்யும், முழுதாக அடைக்காது. ஆனால் நிறுத்தினால் தெரியும். 1991இல் கனடாவில் நோய் அடங்கியிருந்த 47 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாமல் வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் வெற்று மாத்திரைக்காரர்களுக்கு நோய் கிளம்பும் வாய்ப்பு 2.5 மடங்கு ஆனது. கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடிய மருந்து இது. நம்மூரில் ஒரு மாத்திரை சில ரூபாய்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இது அருமருந்து என்று உலகமே அள்ளியபோது, லூபஸ்காரர்கள் கடை கடையாக அலைந்தார்கள். கொரோனாவுக்கு அது உதவவில்லை என்று அந்த வருடமே தெளிவாகிவிட்டது.

கண் விஷயம் மட்டும் கவனம். நீண்ட நாளில் விழித்திரையைப் பாதிக்கலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் முதல் பத்து வருடத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. 20 வருடத்துக்குப் பிறகு ஏறக்குறைய 20 சதவீதம். 60 கிலோ உள்ளவருக்கு 300 மில்லிகிராம் வரும். 200 மில்லிகிராம் மாத்திரையை ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று போடச் சொல்வது அதனால்தான். முதல் வருடத்தில் ஒருமுறை கண்ணைப் பார்த்துக்கொண்டு, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும். எனவே அவள் கேள்விக்குப் பதில்: எந்த ஊசி போட்டாலும் மாத்திரை தொடரும். ஊசிகளைச் சோதித்ததே பெரும்பாலும் இந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தவர்களிடம்தான்.

மணியே குற்றவாளி என்றால் நேராக மணியைக் கழற்றிவிடலாமே? கேட்க அழகாக இருக்கிறது, என் மாணவர்களும் இதைத்தான் கேட்பார்கள். டிஎல்ஆர்-7ஐயும் 8ஐயும் மட்டும் குறிவைத்து அடைக்கும் மாத்திரைகள், என்படோரான், அஃபிமெடோரான் போன்றவை, மனிதரில் சோதிக்கப்பட்டு வருகின்றன; கடையில் வாங்கும் பொருள் அல்ல. இந்தப் பாதையில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, டிஎன்ஏவை உணரும் டிஎல்ஆர்-9. லூபஸின் அடையாளமே டிஎன்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருள் என்பதால், 9தான் பெரிய வில்லன் என்று எல்லாரும் நினைத்தார்கள். 9ஐ நீக்கிய சுண்டெலிகளுக்கு லூபஸ் இன்னும் மோசமானது! 9 ஒருவகையில் 7க்குக் கடிவாளம். இரண்டையும் சேர்த்து அடைக்கும் மருந்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லாததற்கு இது காரணம்.

இன்னொன்று, மணி இல்லாத வீட்டில் திருடன் வந்தால் என்ன ஆகும் என்பது. 2020இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், 21 முதல் 32 வயதுக்குள், எந்த நோயும் இல்லாதவர்கள், கொரோனாவில் மூச்சுக்கருவி வரை போனார்கள், ஒருவர் இறந்தார். நால்வருக்கும் டிஎல்ஆர்-7 பிறவியிலேயே வேலை செய்யவில்லை. மருந்து முழுதாக அடைக்கப் போவதில்லை, அளவாகத்தான் அடைக்கும் என்பது சரி. ஆனாலும் வேருக்குப் பக்கத்தில் வெட்டினால்தான் நல்லது என்ற நம் உள்ளுணர்வை இங்கே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து அனிஃப்ரோலுமாப். இது மணியைத் தொடாது, தண்டோராவைக் கேட்கும் காதை அடைக்கும். வகை-1 இன்டர்ஃபெரான்கள் ஆல்ஃபா, பீட்டா என்று பல. எல்லாம் செல்லின் மேல் ஒரே ஏற்பியில்தான் வந்து சேர்கின்றன. ஆல்ஃபாவை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை முன்பு முயன்றார்கள், பெரிதாகச் சோபிக்கவில்லை. காதையே அடைத்தது பலித்தது. அமெரிக்காவில் 2021 ஜூலையில் அனுமதி கிடைத்தது. நாலு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், அரை மணி நேர டிரிப்ஸ்.

இதன் சோதனைக் கதையில் ஒரு கோணல் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. முதல் பெரிய சோதனையில் தோற்றது: மருந்துக்காரர்களில் 36 சதவீதம் தேறினார்கள், வெற்று மருந்துக்காரர்களில் 40. இரண்டாவது சோதனையில், முடிவைத் திறந்து பார்க்கும் முன்பே அளவுகோலை மாற்றினார்கள். அந்த அளவுகோலில் 47.8 சதவீதத்துக்கு எதிராக 31.5. அளவுகோல் மாறினால் முடிவு மாறுகிறது என்பதே லூபஸ் எவ்வளவு நழுவும் நோய் என்பதைக் காட்டுகிறது. அந்தச் சோதனையில் என் கண் நின்றது வேறு இரண்டு எண்களில். 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு எடுத்தவர்களில், அதை 7.5க்கு இறக்கி அங்கேயே நிற்க முடிந்தவர்கள் 51.5 சதவீதம், வெற்று மருந்தில் 30.2. தோல் நோய் கணிசமாக இருந்தவர்களில், 12 வாரத்தில் அது பாதியாகக் குறைந்தது 49 சதவீதத்தினருக்கு. வெற்று மருந்தில் 25. என் தங்கை மகளின் குறைகளே இவைதானே, தோலும் ஸ்டீராய்டும்.

இதற்குக் கொடுக்கும் விலை அக்கி (ஷிங்கிள்ஸ்). இரண்டாவது சோதனையில் 7.2 சதவீதத்தினருக்கு அக்கி வந்தது, வெற்று மருந்தில் 1.1. நரம்பில் தூங்கும் சின்னம்மை வைரஸை அடக்கி வைத்திருப்பதில் இன்டர்ஃபெரானுக்குப் பங்கு உண்டு. காதை அடைத்தால் அது எழுந்துகொள்கிறது. உள்ளுறங்கும் காசநோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிறந்து வளர்ந்தது தமிழ்நாடு என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது, கனடாவில் யாருக்கும் தானாகத் தோன்றாது.

சிறுநீரகத்தில் கதை வேறு. சிறுநீரக லூபஸில் இதன் இரண்டாம் கட்டச் சோதனை முதன்மை இலக்கை எட்டவில்லை. அங்கேதான் பெலிமுமாப் முன்னே வருகிறது.

பெலிமுமாப் இரண்டாவது வீட்டைப் பார்க்கிறது. பி செல்லுக்குச் சோறு போடும் பாஃபைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பட்டறையை இடிப்பதில்லை, பட்டினி போடுகிறது. முக்கியமாக, ஒழுங்காகத் தேறாத, தன்னையே தாக்கக்கூடிய பி செல்கள் உயிர் பிழைக்க அதிகப் பாஃப் வேண்டும். அவைதான் முதலில் வாடும். பாஃபும் இந்தப் பிறவி ஏற்பிகளும் எவ்வளவு ஒட்டுறவு என்பதற்கு 2007 சுண்டெலிச் சோதனை ஒன்று உண்டு. பாஃப் அளவுக்கு மீறிச் சுரக்கும் சுண்டெலிக்கு லூபஸ் போன்ற நோய் வரும். அதற்கு டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணு தேவைப்படவில்லை, மைடி88 தேவைப்பட்டது. அதாவது சோறு மட்டும் போதாது, மணியும் அடிக்க வேண்டும்.

2011 மார்ச்சில் அமெரிக்க அனுமதி, லூபஸுக்கென அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்த முதல் மருந்து. இந்தியாவும் சேர்ந்திருந்த சோதனையில் மருந்தில் தேறியவர்கள் 58 சதவீதம், வெற்று மருந்தில் 44. அமெரிக்கா, ஐரோப்பாச் சோதனையில் 43க்கு எதிராக 34. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் டிஎன்ஏ எதிர்ப்பொருள் அதிகமாகவும், காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்கள் குறைவாகவும் இருப்பவர்களிடம் பலன் கூடுதல். சிறுநீரகத்தில் இரண்டு வருடச் சோதனையில் 43க்கு 32 என்று வென்று, 2020 டிசம்பரில் அதற்கும் அனுமதி வாங்கியது. பதினைந்து வருடப் பழக்கம், 5 வயதுக் குழந்தை வரை கொடுத்த அனுபவம், வாரம் ஒருமுறை வீட்டிலேயே தானே போட்டுக்கொள்ளும் ஊசி. பனியில் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்ட வேண்டாம் என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை. குறை, மெதுவாக வேலை செய்யும். பலன் தெரிய நாலு, ஆறு மாதம் ஆகும். மனச்சோர்வைக் கவனிக்கச் சொல்லி மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. முன்பு அப்படி இருந்தவர்கள் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இந்த எண்களை அருகருகே வைத்து எது பெரியது என்று பார்க்கக்கூடாது. வேறு வேறு சோதனை, வேறு வேறு நோயாளிகள், வேறு அளவுகோல். எந்த வீட்டில் அதிகம் எரிகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கிவிடுகிறேன். இன்டர்ஃபெரான் காதுக்குள் இருக்கும் டைக்2 நொதியை அடைக்கும் டியூக்ரவாசிடினிப் மாத்திரை, சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு 2022இல் அனுமதி பெற்றது. லூபஸின் இரண்டாம் கட்டச் சோதனையில் 58க்கு 34 என்று நன்றாகவே செய்தது. ஆனால் இதே குடும்பத்து பாரிசிடினிபும் இரண்டாம் கட்டத்தில் ஜொலித்து, மூன்றாம் கட்டத்தில் ஒரு சோதனையில் வென்று இன்னொன்றில் தோற்று, 2022இல் கைவிடப்பட்டது. இரண்டாம் கட்ட எண்ணைப் பார்த்து மயங்குவதை நான் விட்டுவிட்டேன். தவிர, டைக்2 ஒரு குறிப்பிட்ட விதத்தில் மந்தமாகப் பிறந்தவர்களுக்குக் காசநோய் எளிதாக வருகிறது என்பதும் தெரிந்த விஷயம். நம் ஊர்க்காரர்கள் அதை மறக்க முடியாது.

இங்கே, இந்தியாவில், பி செல்லை அழிக்கும் ரிடுக்ஸிமாபைத்தான் அதிகம் கேள்விப்படுகிறோம். உள்நாட்டு நகல் 2007லேயே வந்துவிட்டதால் கைக்கு எட்டும் விலை. பெரிய சோதனைகள் இரண்டிலும் லூபஸில் அது தோற்றது. ஆனாலும் மற்றவை கேட்காத நோயாளிகளுக்கு டாக்டர்கள் அதை நம்பிக்கொடுக்கிறார்கள், பலருக்குக் கேட்கவும் செய்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கனில் நோயாளியின் டி செல்லையே மாற்றிப் பி செல்லை அடியோடு துடைத்து, மாத்திரையே இல்லாமல் நோய் அடங்கியதாக 2022இல் ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். பிரமாதம். ஆனால் தோல் தடிப்புக்கும் விரல் வீக்கத்துக்கும் யாரும் அங்கே போக மாட்டார்கள். மைக்கோஃபெனோலேட் மாத்திரையும் ஒரு வழிதான். அவளுக்கு இன்னொரு குழந்தை ஆசை இருக்கிறது, கருவைக் கெடுக்கும் மருந்து அது. டாக்டரம்மா அதைப் பட்டியலிலிருந்து முன்பே அடித்துவிட்டார். இரண்டு ஊசிகளிலும்கூடக் குழந்தைத் திட்டத்தைத் தேதியோடு பேசிவிட வேண்டும் என்று சொன்னேன்.

என் கணக்கு இப்படிப் போனது. அவளுக்குத் தோலும் மூட்டும் அசதியும்தான் முன்னே நிற்கின்றன. அது தண்டோராச் சத்தம். காம்ப்ளிமென்ட் சரியாக இருக்கிறது, டிஎன்ஏ எதிர்ப்பொருள் கொஞ்சம்தான், சிறுநீரகம் சுத்தம். பட்டறை பெரிதாக எரியவில்லை. அனிஃப்ரோலுமாப் பக்கம்தான் எனக்குச் சாய்கிறது. சிறுநீரில் நாளை புரதம் வந்தால் இந்தக் கணக்கைக் கிழித்துப்போட்டுவிட்டுப் பெலிமுமாபில் இருந்து தொடங்க வேண்டும். அவளுடைய தோழி ஒருத்திக்குச் சிறுநீரகம்தான் பிரச்சினை, அவள் பெலிமுமாபில் நன்றாக இருக்கிறாள். அதைப் பார்த்து இவளுக்கும் அதுதான் என்று அம்மாக்காரி பிடிவாதம் பிடித்தாள். நோய்க்கு ஒரே பெயர் வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது.

போன வாரம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். அனிஃப்ரோலுமாப்தான். ஆனால் முதலில் அக்கித் தடுப்பூசி இரண்டு தவணை, அப்புறம்தான் டிரிப்ஸ். உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசி என்பதால் அவளைப் போன்றவர்களுக்கும் போடலாம். அந்தத் தடுப்பூசியில் வேகம் கூட்டச் சேர்க்கும் பொருட்களில் ஒன்று, சால்மொனெல்லா பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்து நச்சு குறைத்தது. அது போய்த் தட்டுவது டிஎல்ஆர்-4ஐ. தெரியாத்தனமாக இதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"ஐயோ மாமா, அதே குடும்பமா? அப்போ எனக்கு லூபஸ் கிளம்பாதா?"

4 இருப்பது செல்லின் வெளிச்சுவரில், அது ஆர்என்ஏவைப் பார்ப்பதில்லை, ஊசி போட்ட இடத்தில் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு ஓய்ந்துவிடும், லூபஸ்காரர்களுக்கு இந்தத் தடுப்பூசியைப் போடச் சொல்லித்தான் வாத நோய் மருத்துவர்களின் வழிகாட்டுதலே இருக்கிறது என்று அரை மணி நேரம் சமாதானம் சொன்னேன். நேற்று முதல் தவணை போட்டுக்கொண்டாள். கை வலிக்கிறதாம், சப்பாத்தி தேய்க்க முடியவில்லையாம். கன்னத்தில் ஒன்றும் இல்லை.